இரண்டு மெஷின், இருபத்தேழு ஃபேன்

கம்ப்யூட்டர் தவறே செய்யாது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். இரண்டோடு பழகியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் இருந்து, ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து நின்றிருக்கிறீர்கள் என்றால், நீங்களும் எங்கள் கட்சிதான். மேலே படிக்கலாம்.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. தேயிலை உலர்த்தும் ட்ரையர்களுக்குச் சூடான காற்றைத் தள்ளும் பெரிய ஃபேன்கள் செய்கிறோம். எஸ்டேட் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, காற்றில் எவ்வளவு ஈரம், ஒரு மணிக்கு எத்தனை கிலோ இலை என்று சொன்னால், ஃபேன் என்ன வேகத்தில் சுற்ற வேண்டும், அதற்கு பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை எத்தனை அங்குலத்தில் மாட்ட வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். ஆனால் எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. கோயமுத்தூரில் ஒரு மில்லின் பழைய மெஷினில் வாரம் ஒரு மணி நேரம் இடம் பிடித்து வைத்திருந்தோம். தகவலை எல்லாம் அட்டைகளில் ஓட்டை போட்டு, பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் கொண்டு போக வேண்டும்.

நான் சேர்ந்த ஜூன் மாதத்தில் அந்த மில் தன் மெஷினை அக்டோபர் கடைசியில் கழற்றப் போவதாகக் கடிதம் எழுதிவிட்டது. இனி எர்ணாகுளத்தில் இருக்கும் புது மெஷின்தான் கதி. அங்கேயும் அதே பதில்கள்தான் வருகின்றன என்பதைப் பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே நிரூபிக்க வேண்டும். எங்கள் மானேஜர் ஃபேன் ஷெட்டில் வளர்ந்தவர். அங்கே ஒரு ஃபேனை நாளுக்கு ஒரு தடவையாக மூன்று ஓட்டம் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட மாட்டார்கள். எங்களுக்கும் அதே சட்டத்தைப் போட்டார். இரண்டு ஊரிலும் தொடர்ந்து மூன்று ஓட்டம் தேறினால் செக்ஷன் இருக்கும். இல்லையென்றால் கணக்கு பம்பாய்க்குப் போகும், எங்கள் மூன்று பேர் செக்ஷன் ஸ்டோர்ஸோடு சேர்க்கப்படும். தற்காலிக ஊழியையான எனக்கு ஸ்டோர்ஸிலும் இடமில்லை. சொந்த ஊரான தேவிகுளத்துக்கு பஸ் ஏறி, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஜன்னல் கண்ணாடி

முதல் சில நாள் சோதனை நடந்த விதம் இது. கோயமுத்தூர்த் தாளையும் எர்ணாகுளத்துத் தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்கள் செக்ஷன் தலைவர் ராமநாதன் சார் ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்பார். கல்பாத்தியில் பிறந்தவர், பொறுமைசாலி. ஆனால் பதினொரு மணிக்கு மேல் வெயில் கண்ணில் அடிக்கும். எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரியும். மழை நாளில் சோதனையே கிடையாது.

மெஷினே தன்னைச் சோதித்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஏற்கனவே எஸ்டேட்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இருபத்தேழு ஃபேன்களை எடுத்துக்கொள்வது. ஒவ்வொன்றின் விவரத்தையும் சரியான விடையையும் அட்டையில் குத்திவிடுவது. மெஷின் கணக்குப் போட்டுத் தன் விடையை அட்டையில் உள்ள விடையோடு ஒப்பிட்டு, சரி அல்லது தப்பு என்று அதுவே அச்சடித்துவிடும். ஆண்கள் நிறைந்த அறையில் இதைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. சொன்னபோது ராமநாதன் சார் தாள்களைக் கண்ணாடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இது நடந்துதுன்னா முதல்ல பிழைக்கறது புரோகிராம் இல்லை, என் கண்ணாக்கும்."

வாளையாரில் நின்ற பெட்டி

அட்டைப் பெட்டிகளைச் சுமந்து போகிறவர் செல்லமுத்து அண்ணன். கொழிஞ்சாம்பாறைக்காரர், செக்ஷனில் மூன்றாவது ஆள். முதல் ஓட்டத்துக்கு இரண்டு பெட்டிகளோடு கோயமுத்தூருக்குக் கிளம்பினார். ஒன்றில் புரோகிராம், இன்னொன்றில் என் இருபத்தேழு ஃபேன். மாநில எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த அதிகாரி, ஓட்டை போட்ட அட்டைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இத்தனை ஓட்டை போட்டது யார், எதற்கு என்று கேட்டார். "அம்மிணி போட்டதுங்க, ஃபேனுக்குங்க" என்று இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதிகாரிக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு பெட்டியைத் தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அது என் பெட்டி.

செல்லமுத்து அண்ணன் மனம் தளராமல் மீதிப் பெட்டியோடு போய், மெஷினில் கொடுத்து, தாளோடு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். தாளில் ஒரே வரி: 'எல்லாம் சரி.' ஒரு சோதனைகூட உள்ளே போகவில்லை. தப்பு எதுவும் கண்ணில் படாததால் மெஷின் எல்லாம் சரி என்று முடித்துவிட்டது. அதை அப்படி எழுதியவள் நான். அன்று இரவே மாற்றினேன். அதன் பிறகு மெஷின் எத்தனை சோதனை வந்தது, எத்தனை தேறியது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். 'இருபத்தேழுக்கு இருபத்தேழு' என்று வந்தால்தான் நம்புவோம். ராமநாதன் சார் மட்டும் அந்த ஒரு வரித் தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பரீட்சையே எழுதாம பாஸ் போடற மெஷின். நான் காலேஜ்ல படிக்கறச்சே இது எங்கே போயிருந்துதாம்?"

ஒரு நூல்

வாளையாரிலிருந்து பெட்டி திரும்பக் கிடைத்ததும் கோயமுத்தூரில் ஓட்டிவிட்டு, அடுத்து எர்ணாகுளத்தில் முதல் ஓட்டம். இருபத்தேழுக்குப் பூஜ்யம்.

தாளை வாங்கி மேஜையில் விரித்தேன். எண்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கோயமுத்தூரில் 11.25 அங்குலம் என்று வந்த புல்லி, எர்ணாகுளத்தில் 11.249999 என்று வந்திருந்தது. எல்லாமே இப்படித்தான். பழைய மெஷின் நம்மைப் போலப் பத்துப் பத்தாக எண்ணும். புது மெஷின் இரண்டிரண்டாக எண்ணும். நாம் மூன்றில் ஒரு பங்கை எழுதப் போனால் மூன்று மூன்றாகப் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா, அது போல அதற்குப் பத்தில் ஒரு பங்கை முழுதாக எழுத வராது. கொஞ்சம் வெட்டித்தான் எழுதும். இரண்டு மெஷினும் தப்புச் செய்யவில்லை. அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்ட என் அட்டைதான் தப்பு.

சரி, எவ்வளவு வித்தியாசத்தை மன்னிக்கலாம்? அதிகம் மன்னித்தால் நிஜமான தப்பும் நுழைந்துவிடும். புத்தகத்தில் விடை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் லேத் ஓட்டும் மேஸ்திரியிடம் போய் நின்றேன். அவர் ஒரு நூல் என்றார். எங்கள் ஷெட்டில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நான் அதில் நூறில் ஒரு பங்கை மட்டும் மன்னிப்பதாக வைத்துக்கொண்டேன். மறு ஓட்டத்தில் இருபத்தாறு தேறின. மேஸ்திரியிடம் அந்த ஒன்பதுகள் வரிசையாக நின்ற தாளைக் காட்டியபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஒரு நூல் முன்னப்பின்ன இருந்தா பெல்ட்டே இழுத்துக்குமுங்க. இத்தன ஒம்பதையும் நான் லேத்துல எங்கீங்க கொண்டு போயி ஒட்டறது?"

தேறாத அந்த ஒன்று

தேறாத ஒன்று சின்னக்கானலில் ஓடும் ஃபேன். பெட்டியில் முதல் அட்டை அதுதான். விசித்திரம் என்னவென்றால் இரண்டு மெஷினும் அதில் ஒரே பதிலைச் சொல்லின. அட்டையில் நான் குத்திய விடைதான் வேறாக இருந்தது. அட்டையில் பத்து அங்குலம். எங்கள் பழைய டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது. மெஷின்கள் இரண்டும் பதினொன்றேகால் என்று அடித்துச் சொல்லின. மெஷின்களை நம்புவதா, டிராயிங்கை நம்புவதா என்று செக்ஷனில் இரண்டு நாள் பேச்சு நடந்தது.

விடுமுறைக்கு தேவிகுளம் போனபோது, அப்பாவோடு எஸ்டேட் லாரியில் தொற்றிக்கொண்டு சின்னக்கானல் போனேன். ஃபாக்டரி மெக்கானிக் அப்பாவுக்குத் தெரிந்தவர். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் பையிலிருந்து நாடாவை எடுத்துப் புல்லியைச் சுற்றி அளப்பதை அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார். சுற்றளவை வகுத்துப் பார்த்தால் விட்டம் பதினொன்றேகால் வந்தது. எங்கள் பத்து அங்குலப் புல்லி எங்கே என்று கேட்டேன்.

"அத மாட்டின மறுமாசமே கழத்தியாச்சுல்லா பாப்பா, இலை வெந்துபோச்சு. இப்ப எங்க வீட்டுக் கோழிக்கூடு சாயாம அண்டை கொடுத்திருக்கு. அங்க நல்லாத்தான் நிக்கி."

மத்தியான இறால்

எர்ணாகுளத்தில் எங்களுக்கு ஒரு வாரம் காலையில் நேரம் கிடைக்கும், ஒரு வாரம் மத்தியானம் கிடைக்கும். சின்னக்கானல் அட்டையில் விடையைத் திருத்திக் குத்திய பிறகு, ஜூலையில் இரண்டு காலை ஓட்டங்களும் தேறின. இரண்டு மத்தியான ஓட்டங்களும் தேறவில்லை. மத்தியானம் ஏ.சி. சரியாக இல்லை, வோல்டேஜ் குறைவு, ஆபரேட்டர் சாப்பிட்ட தூக்கத்தில் இருக்கிறார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசுவதற்குப் பதில் குறித்து வைப்பேன். நோட்டில் ஓட்டம் நடந்த நேரத்தோடு, எங்களுக்கு முன்னால் மெஷினில் யார் இருந்தார்கள் என்பதையும் செல்லமுத்து அண்ணனைக் கேட்டு எழுதியிருந்தேன். காலையில் எங்களுக்கு முன்னால் யாருமில்லை. மத்தியானம் ஒவ்வொரு முறையும் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனி.

நேரில் போய்ப் பார்த்ததில் விளங்கியது. கோயமுத்தூர் ஆபரேட்டர், ஒருவருடைய வேலை முடிந்ததும் மெஷினின் நினைவு முழுவதையும் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அடுத்தவரை விடுவார். சாப்பிட்ட இலையை எடுத்துவிட்டு அடுத்த பந்திக்கு இலை போடுவது போல. எர்ணாகுளத்தில் அந்த வழக்கம் இல்லை. எங்கள் புரோகிராமில் தாழ்வான எஸ்டேட்டுகளுக்குத் தேவைப்படாது என்று யாரோ நிரப்பாமல் விட்ட ஒரு இடம் இருந்தது. கோயமுத்தூரில் அது எப்போதும் பூஜ்யம். இங்கே முந்தினவர் விட்டுப்போன எண் அதில் உட்கார்ந்திருந்தது. மூன்று எஸ்டேட்களின் ஃபேன் வேகத்தில் இறால் பெட்டிகளின் எடை சேர்ந்துவிட்டது. புரோகிராமின் முதல் வேலையே எல்லா இடத்தையும் துடைப்பது என்று மாற்றினேன். ஆபரேட்டர் வர்கீஸ் பக்கத்தில் காத்திருந்த கம்பெனி குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னார். குமாஸ்தா முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

"ஞங்ஙள் ஐஸ் போட்டு, பெட்டி பூட்டி வச்ச சரக்காக்கும். அது எப்படி உங்க ஃபேனில் சாடிக் கேறி உள்ளே வந்தது?"

ஈயத்தாள்

ஆகஸ்டில் மழை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனதும் காற்றே ஈரம். அட்டைகள் ஈரம் குடித்து உப்பி, எர்ணாகுளத்து மெஷினின் வாயில் போய் சிக்கிக் கசங்கின. இருபத்தேழில் இருபத்திரண்டு வந்தது என்று தாளில் விழும். எண்ணச் சொல்லி வைத்ததால் பிழைத்தோம். செல்லமுத்து அண்ணன் பெட்டியை மெழுகுத் துணியில் சுற்றினார், பிறகு தன் வேட்டியிலும் சுற்றினார். பலன் இல்லை.

தேயிலைப் பெட்டி எப்படி இருக்கும் என்று தேவிகுளத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகைப் பெட்டிக்குள் நான்கு பக்கமும் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். கப்பலில் போனாலும் இலை நமுக்காது. அப்பாவுக்கு எழுதினேன். எஸ்டேட் ஆபீஸில் சாம்பிள் அனுப்ப வைத்திருந்த சின்னப் பெட்டி ஒன்றை பஸ்ஸில் அனுப்பி வைத்தார். துடைத்து, தூசி தட்டி, வெயிலில் காய வைத்து அட்டைகளை அடுக்கினேன். கொட்டுகிற மழையிலும் மொடமொடவென்று போய் இறங்கின. வர்கீஸ் மூடியைத் திறந்து, குனிந்து, தேயிலை வாசனையை மூச்சில் இழுத்தார்.

"எஸ்தரே, இனிமேல் டெஸ்டுக்கு வரும்போ பாலும் பஞ்சாரயும் கூட எடுத்தோண்டு வரணும். எங்களுக்கு வேலை ஓடலை."

இமயமலை

அக்டோபரில் மானேஜரின் மூன்று ஓட்டம் தொடங்கியது. முதல் ஓட்டம், இரண்டு ஊரிலும் இருபத்தேழுக்கு இருபத்தேழு. இரண்டாவதும் அப்படியே. நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஃபேன் ஷெட்டில் லேத், ட்ரில், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். எங்கள் ஆயுதம் என்ன என்ற கேள்வி எழுந்தபோது ராமநாதன் சார் தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லேத்துக்குப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்து, முதல் அட்டைக்கு ஒரு பொட்டு வைத்தார். சந்தனம் தீர்ந்து போயிருந்தது. குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வைத்தார். பூஜை முடிந்து பெட்டி திரும்பி வந்ததும், குங்குமத் தூள் மெஷினுக்குள் போய்விடுமே என்று எனக்குக் கவலை. எங்கள் வீட்டில் எல்லாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர் வைத்த பொட்டை நான் அழித்தால் அதற்கு என்ன அர்த்தம் வருமோ என்று இன்னொரு கவலை. யாரும் வருவதற்கு முன் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தேன். அட்டை சுத்தமாகத்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது ஓட்டம், கோயமுத்தூரில் இருபத்தேழு. எர்ணாகுளத்தில் இருபத்தாறு. சின்னக்கானல் விழுந்துவிட்டது. பழைய மெஷினைக் கழற்ற எட்டு நாள் இருந்தது. ராமநாதன் சார் கதவைச் சாத்திவிட்டு, சின்னக்கானல் அட்டையை மட்டும் எடுத்துவிடலாம், இருபத்தாறுக்கு இருபத்தாறு என்று காட்டலாம், அதுவும் முழுத் தேர்ச்சிதானே என்று மெதுவாகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் ஸ்டோர்ஸுக்குப் போக விருப்பமில்லை. நான் அந்த ஃபேனை நாடா வைத்து அளந்தவள். "வேண்டாம் சார்" என்றேன். மறுநாள் பெட்டியோடு நானே ரயில் ஏறினேன்.

வர்கீஸ் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் கொடுத்தார். மெஷினைக் கணக்குப் போட விடாமல், முதல் அட்டையில் என்ன படிக்கிறாய் என்று மட்டும் அச்சடிக்கச் சொன்னேன். சின்னக்கானல் ஐயாயிரத்து இருநூறு அடி. தாளில் பதினைந்தாயிரத்து இருநூறு. காலியாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு ஒன்று. அட்டையை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். குங்குமம் இருந்த இடத்தில் எண்ணெய் ஊறி, அட்டை கண்ணாடித் தாள் போல ஒளியை விட்டது. கோயமுத்தூர் மெஷின் கம்பி முனையால் தடவி ஓட்டையைத் தேடும். எண்ணெய் அதற்கு ஒன்றுமில்லை. எர்ணாகுளத்து மெஷின் வெளிச்சம் அடித்துப் பார்க்கும். வெளிச்சம் வந்தால் அதற்கு ஓட்டைதான். வர்கீஸ் தாளைத் தூரப் பிடித்து மறுபடி படித்தார்.

"சின்னக்கானல் எப்போழ் இமயமலைக்கு மாறிப் போயி? எங்க அளியன், தங்கச்சி மாப்பிள்ளை, அவிடெ ஏலத்தோட்டம் வாங்கினான், அவனிடம் சொல்லணுமே."

துடைத்தவள்

ராமநாதன் சாரிடம் எண்ணெய் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பொட்டு வைத்தவர் அவர், அவரே புரிந்துகொண்டிருப்பார். ஆனால் நான் துடைக்காமல் விட்டிருந்தால் குங்குமத்தைப் பார்த்ததும் யாராவது அட்டையை மாற்றியிருப்பார்கள். தடயத்தை அழித்தது நான். ரயிலில் ஷொரணூர் வரும்வரை வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்தேன். செக்ஷனுக்குள் நுழைந்ததும் சேர்த்த வாக்கியம் எல்லாம் மறந்து, "குங்குமத்தைத் துடைச்சது நான்தான் சார், எண்ணெயைக் கவனிக்கலை" என்று மட்டும் வந்தது. அவர் அட்டையை வாங்கி, தன் பழைய ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். எண்ணெய் வட்டம் பளிச்சென்று தெரிந்தது. செல்லமுத்து அண்ணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

"வச்சவன் அசடு, துடைச்சவ அரை அசடு. எர்ணாகுளத்து மெஷின் ஒண்ணுதான் உள்ளதை உள்ளபடி சொல்லித்து கேட்டயா."

மூன்றாவதா, முதலாவதா

எண்ணெய் அட்டையைக் கிழித்துப் போட்டு, அதே விவரத்தைப் புது அட்டையில் குத்தினேன். இப்போது ஓட்டினால் தேறும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கேள்வி அதுவல்ல. இனி ஓடுவது மூன்றாவது ஓட்டமா, முதல் ஓட்டமா? மூன்றாவது என்றால் ஒரே நாளில் பிழைத்தோம். மானேஜர் அறையில் ராமநாதன் சார், காகிதத்தில் பட்ட கறைதானே, புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லையே என்று அழகாக வாதாடினார். மானேஜர் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் என் பக்கம் திரும்பினார். ஃபேன் ஷெட்டில் மூன்று ஓட்டத்துக்கு நடுவில் யாராவது ஒரு போல்ட்டை முடுக்கினால்கூட மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அட்டையை மாற்றினது போல்ட்டைத் தொட்ட மாதிரியா என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

வெளியே வந்ததும் ராமநாதன் சார் என்னிடம் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். செல்லமுத்து அண்ணன்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, மூணு பேர்த்து சோத்துல ஒரே பேச்சுல மண்ணப் போட்டுட்டு, இம்முட்டுச் சாந்தமா நிக்கறீங்க?"

கடைசி வாரம்

ஒரே பெட்டி கோயமுத்தூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போய் வர நாள் போதாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இன்னொரு ஜதை குத்தினேன். இரண்டு ஜதையும் ஒன்றுதானா என்று அட்டை மேல் அட்டை வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். செல்லமுத்து அண்ணன் ஒரு பெட்டியோடு கோயமுத்தூரில் மைத்துனர் வீட்டில் தங்கினார். நான் இன்னொரு பெட்டியோடு எர்ணாகுளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினேன். கோயமுத்தூர் ஆபரேட்டர் தன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தார். எர்ணாகுளத்தில் வர்கீஸ் இறால் கம்பெனியைக் கெஞ்சி நேரம் வாங்கினார். வேண்டுமென்றே ஒரு நாள் இறாலுக்குப் பின்னால் ஓட்டினேன், ஒரு நாள் காலையில் முதல் ஆளாக ஓட்டினேன், ஒரு நாள் மழையில் திறந்த ரிக்ஷாவில் பெட்டியைக் கொண்டுபோய் ஓட்டினேன். நல்ல நாள் பார்த்து ஓட்டித் தேறுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திங்கள், செவ்வாய், புதன்; இரண்டு ஊரிலும் மூன்று நாளும் இருபத்தேழுக்கு இருபத்தேழு. வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் மெஷினைக் கழற்றினார்கள்.

மானேஜர் ஆறு தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'தற்காலிகம்' என்ற சொல்லை அடித்ததும் அதே பேனாதான். பாராட்டு என்று எதுவும் சொல்லவில்லை. ஷெட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. மறுநாள் காலை நான் மேஜையில் உட்கார்ந்திருந்தபோது பெயிண்டர் பச்சை டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து வாசலில் நின்றார். எங்கள் ஷெட்டில் மூன்று ஓட்டம் முடிந்த சரக்குக்குத்தான் பெயிண்ட் அடிப்பது வழக்கம். அவர் தேயிலைப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், மூடியைத் தூக்கினார், உள்ளே அடுக்கியிருந்த அட்டைகளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மூணு ஓட்டமும் ஓடிருச்சு, போயி அடின்னு மானேஜர் சொன்னாருங்க. பொட்டிக்கு மட்டும் அடிச்சாப் போதுமா, உள்ள இருக்கற கார்டுக்கும் ரெண்டு கோட்டு அடிக்கோணுமா?"

இரண்டு மெஷின்களை ஒரே பதில் சொல்ல வைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது என்றாலும், எங்கள் செக்ஷனில் இருக்கும் மூன்று பேரும் எந்த விஷயத்திலாவது ஒரே பதில் சொன்ன நாள் இன்னும் வரவில்லை என்பதையும், அதைச் சோதித்துப் பார்க்க இதுவரை யாரும் அட்டை கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.